பழைய துப்பாக்கி கொடுத்தால் புதுத் துப்பாக்கி!

அமெரிக்கப் போலீசாரின் விசித்திரமான பண்டமாற்று

"பழைய ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

தெருவில் இப்படிக் கூவிக்கொண்டு போகும் வியாபாரியை அறியாதவர்கள் நம் ஊரில் இல்லை. ஓட்டைச் சொம்பைக் கொடுத்தால் பேரீச்சம்பழம் கிடைக்கும். பாத்திரக் கடைக்குப் போனால் பழைய குடத்தை எடை போடுவார்கள். அதன் விலையைக் கழித்துக்கொண்டு புதுக் குடம் தருவார்கள்.

அமெரிக்காவில் போலீஸ் இலாகாக்களும் இதே வியாபாரத்தைத்தான் செய்கின்றன. ஆனால் அவர்கள் மாற்றுவது குடம் அல்ல. துப்பாக்கி!

போலீசார் இடுப்பில் தொங்கிய பழைய கைத்துப்பாக்கிகளை மொத்தமாகக் கம்பெனிக்காரரிடம் கொடுப்பார்கள். அவற்றின் விலையைக் கழித்துக்கொண்டு அவர் புதுத் துப்பாக்கிகள் கொடுப்பார். நகரத்தின் வரிப்பணம் மிச்சம். போலீசாருக்கும் மகிழ்ச்சி. கம்பெனிக்கும் லாபம்.

ஆனால் குடத்துக்கும் துப்பாக்கிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு.

பழைய குடம் உலைக்குப் போகிறது. உருகி வேறு பாத்திரமாகிறது. பழைய துப்பாக்கி அப்படி உருக்கப்படுவதில்லை. துடைத்து, எண்ணெய் போட்டு, கடையில் வைக்கப்படுகிறது. யாரோ ஒருவர் அதை வாங்குகிறார். அவரிடமிருந்து இன்னொருவர் வாங்குகிறார். பிறகு?

அந்தத் துப்பாக்கி எங்கே போகிறது? அதுதான் இந்தக் கதை.

ஊருக்கு ஒரு போலீஸ்

அமெரிக்காவில் போலீஸ் என்பது நம் நாட்டைப் போல மாநிலத்துக்கு ஒன்றாக இருப்பதில்லை. ஒவ்வொரு நகரத்துக்கும் தனிப் போலீஸ் உண்டு. சிற்றூருக்குக்கூட உண்டு. ஜில்லாவுக்கு 'ஷெரீப்' என்ற அதிகாரி உண்டு. மாகாணத்துக்கு ஒரு போலீஸ், மத்திய சர்க்காருக்கு வேறு போலீஸ். எல்லாம் சேர்த்தால் சுமார் 18,000 இலாகாக்கள்!

எந்தத் துப்பாக்கி வாங்குவது, எப்போது மாற்றுவது, பழையதை என்ன செய்வது என்பதையெல்லாம் அந்தந்த இலாகாவே முடிவு செய்துகொள்கிறது. சில மாகாணங்களில் இதற்குச் சட்டம் உண்டு. பல இடங்களில் போலீஸ் தலைவரும் நகரசபையும் வைத்ததே சட்டம்.

ஆறு தோட்டா

அந்த நாளில் அமெரிக்கப் போலீஸ்காரரின் அடையாளம் ரிவால்வர்.

ரிவால்வரின் நடுவில் உருளை போன்ற ஒரு பாகம் இருக்கும். அதில் ஆறு ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டா. விசையை அழுத்தினால் உருளை ஒரு படி சுற்றும். ஒரு குண்டு பாயும். மறுபடி அழுத்தினால் அடுத்த குண்டு. ஆறும் தீர்ந்தால் உருளையைத் திறந்து, காலித் தோட்டாக்களைக் கொட்டிவிட்டு, புதிதாகப் போட வேண்டும்.

நியூயார்க் நகரப் போலீசாருக்கு ஒரே மாதிரி ரிவால்வர் கொடுத்தவர் யார் தெரியுமா? பிற்காலத்தில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட்தான். 1895 முதல் 1897 வரை அவர் அந்த நகரின் போலீஸ் கமிஷனர்களின் தலைவராக இருந்தார். அதற்கு முன்பு போலீஸ்காரர்கள் ஆளுக்கு ஒரு விதமான துப்பாக்கி வைத்திருந்தார்கள்.

'ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்' என்ற கம்பெனி 1899-ல் ஒரு ரிவால்வரைக் கொண்டுவந்தது. 'ராணுவமும் போலீசும்' என்பதே அதன் பெயர். அந்த ரகத்தில் 60 லட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. முக்கால் நூற்றாண்டுக் காலம் அமெரிக்கப் போலீஸ்காரர்களில் பெரும்பாலோர் இத்தகைய ரிவால்வரைத்தான் சுமந்தார்கள்.

பிஸ்டல் வேறு ரகம். அதில் உருளை கிடையாது. கைப்பிடிக்குள்ளே ஒரு தோட்டாப் பெட்டி செருகியிருக்கும். ஒரு குண்டு பாய்ந்தவுடன் காலித் தோட்டா தானாகவே வெளியே விழும். அடுத்த தோட்டா தானாகவே மேலே ஏறிக்கொள்ளும். பெட்டி தீர்ந்தால் அதை உருவிப் போட்டுவிட்டு வேறு பெட்டியைச் செருகலாம். இரண்டு விநாடி வேலை!

1967-ல் இல்லினாய் மாகாணப் போலீசார் 9 மில்லிமீட்டர் பிஸ்டலுக்கு மாறினார்கள். மாகாணப் போலீசில் அவர்கள்தான் முதல். மற்றவர்கள் அவசரப்படவில்லை. "ரிவால்வர் நம்மைக் கைவிடாது" என்று இருந்துவிட்டார்கள்.

மயாமி சண்டை

1986-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

புளோரிடா மாகாணத்தில் மயாமி நகரின் அருகே இரண்டு கொள்ளைக்காரர்கள் காரில் போனார்கள். 'எப்.பி.ஐ.' என்னும் மத்திய போலீசார் எட்டுப் பேர் அவர்களை மடக்கினார்கள். துப்பாக்கிச் சண்டை மூண்டது. சண்டை நடந்தது ஐந்து நிமிஷத்துக்கும் குறைவான நேரமே. இரண்டு போலீஸ் அதிகாரிகள் இறந்தார்கள். ஐந்து பேர் காயம் அடைந்தார்கள். கொள்ளைக்காரர்கள் இருவரும் செத்தார்கள்.

போலீசார் எட்டுப் பேர்; கொள்ளையர் இரண்டு பேர். அப்படியும் இத்தனை சேதம்! ஏன்?

கொள்ளையர்களில் ஒருவனிடம் ரைபிள் இருந்தது. போலீசாரில் பலரிடம் ரிவால்வர்தான். சிலரிடம் பிஸ்டல் இருந்தது. ஒரு பிஸ்டல் குண்டு, சண்டையின் ஆரம்பத்திலேயே அந்தக் கொள்ளைக்காரன் உடம்பில் பாய்ந்தது. ஆனால் இருதயத்தைத் தொடாமல் கொஞ்சம் முன்பாகவே நின்றுவிட்டது. அவன் மேலும் சுட்டுக்கொண்டே இருந்தான்.

இந்தச் செய்தி எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் பேச்சாயிற்று. "ஆறு தோட்டா போதாது. புதுத் துப்பாக்கி வேண்டும்" என்று போலீஸ்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கோரிக்கைதான். வீட்டில் மனைவி மக்கள் காத்திருக்கும்போது, கையில் நல்ல ஆயுதம் வேண்டும் என்று யார்தான் கேட்க மாட்டார்கள்?

திரைக்கம்பி செய்தவர் செய்த பிஸ்டல்

சரியான நேரத்தில் ஒரு வியாபாரி வந்து சேர்ந்தார். அவர் பெயர் காஸ்டன் கிளாக். ஆஸ்திரியா நாட்டுக்காரர். வியன்னா நகருக்குப் பக்கத்தில் உள்ள டாய்ச்-வாக்ரம் என்ற ஊரில் சிறு பட்டறை வைத்திருந்தார். ஜன்னல் திரை தொங்கவிடும் கம்பிகள் செய்தார். ராணுவத்துக்குக் கத்திகள் செய்தார். துப்பாக்கி செய்து பழக்கமே இல்லை.

ஆஸ்திரிய ராணுவத்துக்குப் புதுப் பிஸ்டல் தேவை என்று கேள்விப்பட்டார். தாமே ஒன்றைச் செய்தார். 1982-ல் ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்தது. அதன் கைப்பிடிப் பகுதி இரும்பு அல்ல, கெட்டியான பிளாஸ்டிக்! எடை குறைவு. உள்ளே 17 தோட்டா கொள்ளும்.

பின்பு அவர் அமெரிக்காவுக்கு வந்தார். ஜார்ஜியா மாகாணத்தில் கிளைக் கம்பெனி திறந்தார். முதலில் போலீஸ் இலாகாக்களைத்தான் பிடித்தார். விலையைக் குறைத்துக் கொடுத்தார். "போலீஸ்காரர் இடுப்பில் இருக்கும் துப்பாக்கியைத்தான் பொதுஜனங்களும் கேட்டு வாங்குவார்கள்" என்பது கணக்கு.

அதோடு நிற்கவில்லை. "கையில் பணம் இல்லையே" என்ற இலாகாக்களுக்கு ஒரு வழி காட்டினார்கள்.

"பழைய துப்பாக்கியைக் கொடுங்கள். விலையில் கழித்துக்கொள்கிறோம்!"

போலீஸ் தலைவர்களுக்கு இது பெரிய நிம்மதி. நகரசபையில் போய்க் கைகட்டி நிற்க வேண்டாம். அலமாரியில் அடைந்து கிடந்த ரிவால்வர்கள் பணமாகிவிட்டன. மற்றக் கம்பெனிகளும் இதே முறையைப் பின்பற்றின. சில ஆண்டுகளிலேயே நாடு முழுவதும் ரிவால்வர் போய்ப் பிஸ்டல் வந்துவிட்டது. நியூயார்க்கில் 1993-ல் பிஸ்டலை அனுமதித்தார்கள். பழைய ரிவால்வரை விட மனமில்லாத கடைசிச் சிலரும் 2018-ல் அதைக் கைவிட வேண்டியதாயிற்று.

காஸ்டன் கிளாக் 2023 டிசம்பரில், தமது 94-வது வயதில் காலமானார். அப்போது அவர் பெருங்கோடீசுவரர்.

மாற்றத்தின் மேல் மாற்றம்

ஒரு முறை மாற்றியதோடு விஷயம் முடிந்ததா? இல்லை.

மயாமி சண்டைக்குப் பிறகு எப்.பி.ஐ. பெரிய குண்டைத் தேடியது. முதலில் 10 மில்லிமீட்டர் பிஸ்டல். சுட்டால் கையை உதறி எடுத்தது. பலரால் பிடிக்க முடியவில்லை. பிறகு 1990-ல் சற்றுக் குட்டையான ஒரு தோட்டா வந்தது. அதற்கு '40-ம் நம்பர்' என்று பெயர். நாடெங்கும் போலீசார் அதற்கு மாறினார்கள். பழைய 9 மில்லிமீட்டர் துப்பாக்கிகள் கடைக்குப் போயின.

பிறகு 9 மில்லிமீட்டர் குண்டையே நன்றாகத் திருத்திச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். உதறல் குறைவு, குறி தப்பாது, ஒன்றிரண்டு தோட்டா கூடுதலாகவும் கொள்ளும். 2016-ல் எப்.பி.ஐ. மறுபடியும் 9 மில்லிமீட்டருக்கே திரும்பியது. நாடெங்கும் பல இலாகாக்கள் அதைப் பின்தொடர்ந்தன. 40-ம் நம்பர் துப்பாக்கிகள் கடைக்குப் போயின!

இருட்டில் குறி பார்க்க, துப்பாக்கி முனையில் சிறு விளக்கு போல மின்னும் புள்ளிகள் வைப்பார்கள். 'டிரிட்டியம்' என்ற பொருள் அதில் இருக்கிறது. சுமார் 12 ஆண்டில் அதன் ஒளி பாதியாகிவிடும். இதுவும் மாற்றுவதற்கு ஒரு காரணம். சமீப காலத்தில் துப்பாக்கி மேல் சிறு கண்ணாடி பொருத்தி, அதில் தெரியும் சிவப்புப் புள்ளியை வைத்துக் குறி பார்க்கிறார்கள். பழைய துப்பாக்கியில் அதைப் பொருத்த இடம் இல்லை. மறுபடியும் மாற்று!

போலீஸ்காரர் தம் துப்பாக்கியைத் தினமும் சுமக்கிறார். ஆனால் பயிற்சி நாட்களைத் தவிர அதைப் பெரும்பாலும் சுடுவதில்லை. உறையில் செருகிச் செருகி மேல்பூச்சு தேய்ந்திருக்கும். உள்ளே புதுசு போல இருக்கும். இதனால் கடைகளில் "போலீஸ் வைத்திருந்தது" என்று விளம்பரம் செய்தே விற்கிறார்கள். 'ஒரே டாக்டர் ஓட்டிய கார்' என்று சொல்லிப் பழைய காரை விற்பது போலத்தான்!

சட்டத்தால் ஏறிய விலை

1994-ல் அமெரிக்க சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் பெட்டிகளைப் பொதுமக்களுக்காக இனிமேல் புதிதாகச் செய்யக்கூடாது என்றது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பு செய்த பெட்டிகளை விற்கலாம், வாங்கலாம்.

உடனே என்ன நடந்தது? பழைய பெட்டிகளுக்குக் கிராக்கி வந்துவிட்டது. அவை யாரிடம் ஏராளமாக இருந்தன? போலீசாரிடம்!

கம்பெனிகள் ஓடிவந்தன. "உங்கள் பழைய பிஸ்டலையும் பழைய பெட்டிகளையும் கொடுங்கள். புதுப் பிஸ்டல் தருகிறோம்" என்றார்கள். சில இலாகாக்களுக்குக் கைக்காசு செலவில்லாமலே புதுத் துப்பாக்கி கிடைத்தது. பெரிய பெட்டிகள் ஜனங்கள் கைக்குப் போகக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். போலீஸ் நிலையத்திலிருந்தே அவை ஜனங்கள் கைக்குப் போயின. அந்தச் சட்டம் 2004-ல் காலாவதியாகிவிட்டது.

தபால்காரர் கொலை

இப்போது ஒரு துப்பாக்கியின் பயணத்தைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் மாகாணம். அங்கே காஸ்மோபோலிஸ் என்று ஒரு சிற்றூர். அந்த ஊர்ப் போலீசார் ஒரு சிறிய கிளாக் பிஸ்டலை வாங்கினார்கள். பிறகு அதை ஒரு துப்பாக்கிக் கடையில் கொடுத்து, வேறு ரகம் மாற்றிக்கொண்டார்கள். கடைக்காரர் அந்தப் பிஸ்டலைத் துப்பாக்கி சேகரிக்கும் ஒருவருக்கு விற்றார். அவரிடமிருந்து அது வேறொருவன் கைக்குப் போயிற்று.

அவன் ஏற்கெனவே அடிதடிக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவன். சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமை இல்லாதவன். மனமெல்லாம் இனவெறி.

1999 ஆகஸ்டு 10-ந் தேதி அவன் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வந்தான். யூதர்களின் சமூக நிலையம் ஒன்றில் புகுந்து சுட்டான். மூன்று சிறுவர்கள் உள்பட ஐந்து பேர் காயம் அடைந்தார்கள். அங்கிருந்து ஓடினான். வழியில் ஒரு தபால்காரர் எதிர்ப்பட்டார். பிலிப்பைன்ஸ் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். தபால் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைச் சுட்டுக் கொன்றான். கையில் இருந்தது அந்தக் காஸ்மோபோலிஸ் பிஸ்டல்!

கொலைகாரன் பிடிபட்டான். ஆயுள் தண்டனை பெற்றான். ஆனால் தபால்காரரின் தாய் அதோடு விடவில்லை. "இவ்வளவு துப்பாக்கிகளைச் சந்தையில் கொட்டினால் அவை கெட்டவர்கள் கைக்குப் போகும் என்று கம்பெனிக்குத் தெரியாதா?" என்று வழக்குப் போட்டார். காயம்பட்ட குழந்தைகளின் குடும்பத்தாரும் சேர்ந்துகொண்டார்கள்.

2003-ல் அப்பீல் கோர்ட்டு, "வழக்கை நடத்தலாம்" என்றது. தாய்க்கு நம்பிக்கை பிறந்தது. ஆனால் 2005-ல் அமெரிக்கப் பாராளுமன்றம் வேறு சட்டம் கொண்டுவந்தது. துப்பாக்கியை வாங்கியவன் செய்யும் குற்றத்துக்காகக் கம்பெனி மேல் வழக்குத் தொடர முடியாதபடி அது தடுத்தது. சில விதிவிலக்குகளே உண்டு. அந்தச் சட்டத்தின்படி கிளாக் கம்பெனி மேல் போட்ட வழக்கு தள்ளுபடி ஆயிற்று. 2009-ல் அப்பீல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

பல வருஷம் கோர்ட்டு ஏறி இறங்கியும் அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

வாதி வீட்டிலேயே ஓட்டை

லூயிசியானா மாகாணத்தில் உள்ளது நியூ ஆர்லியன்ஸ் நகரம். 1998 அக்டோபரில் அந்நகர மேயர் மார்க் மோரியல், துப்பாக்கிக் கம்பெனிகள் மீது வழக்குத் தொடுத்தார். ஒரு நகரமே இப்படி வழக்குப் போட்டது அமெரிக்காவில் அதுதான் முதல் தடவை. நாடே திரும்பிப் பார்த்தது.

பிறகு ஒரு ரகசியம் வெளியாயிற்று. அதே நகரின் போலீசார், திருடர்களிடமிருந்து பறிமுதல் செய்த ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை வியாபாரியிடம் கொடுத்து, புதுப் பிஸ்டல்கள் வாங்கியிருந்தார்கள்! அந்தப் பழைய துப்பாக்கிகள் மற்ற ஊர்க் கடைகளில் விலைபோயின.

கம்பெனிக்காரர்கள் விடுவார்களா? "நாங்கள் விற்றால் குற்றம், நீங்கள் விற்றால் குற்றமில்லையா?" என்று கேட்டார்கள். மேயருக்குச் சங்கடமாகிவிட்டது. கம்பெனிகளுக்குச் சாதகமாக மாகாணச் சட்டசபை 1999-ல் ஒரு சட்டம் செய்தது. 2001-ல் மாகாண உச்ச கோர்ட்டு வழக்கைத் தள்ளிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் போலீஸ் தலைவர்களின் சர்வதேசச் சங்கமே, "பழைய துப்பாக்கிகளை விற்காதீர்கள், அழித்துவிடுங்கள்" என்று 1998-ல் யோசனை சொன்னது. யோசனைதான், கட்டளை அல்ல. கேட்டவர்கள் கேட்டார்கள். மற்றவர்கள் விற்றுக்கொண்டே இருந்தார்கள்.

போலீஸ் தலைவர் சொல்லும் நியாயம்

விற்பவர்கள் பக்கம் நியாயமே இல்லையா? அவர்கள் சொல்வதையும் கேட்போம்.

"எங்கள் ஊர் சின்ன ஊர். வருமானம் குறைவு. நூறு போலீஸ்காரருக்குப் புதுத் துப்பாக்கி வாங்க வேண்டும் என்றால் வரியைக் கூட்ட வேண்டும். பழையதைக் கொடுத்தால் செலவில் பெரும் பகுதி கழிந்துவிடுகிறது" என்கிறார்கள்.

"நாங்கள் கண்டவனுக்கு விற்கவில்லை. மத்திய சர்க்கார் லைசென்சு பெற்ற வியாபாரிக்குத்தான் விற்கிறோம். அவர், வாங்குபவரின் பூர்வோத்தரத்தை விசாரித்துத்தான் கொடுக்கிறார்" என்கிறார்கள்.

"அமெரிக்காவில் ஒவ்வொரு வருஷமும் லட்சக்கணக்கில் புதுத் துப்பாக்கிகள் விற்கின்றன. எங்கள் துப்பாக்கியை அழித்துவிட்டால் திருடனுக்கு வேறு கிடைக்காதா?" என்றும் கேட்கிறார்கள்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. நம் நாட்டில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க லைசென்சு வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பதைப் பிரஜைகளின் உரிமையாக அரசியல் சட்டமே சொல்கிறது. அங்கே துப்பாக்கி விற்பது சட்டப்படியான வியாபாரம்.

ஆனால் விசாரணை என்பது கடைக்காரரின் முதல் விற்பனையோடு முடிந்துவிடுகிறது. கடையில் வாங்கியவர், அதே மாகாணத்தில் உள்ள இன்னொருவருக்கு விற்றால், மத்திய சட்டப்படி விசாரணை தேவையில்லை. சில மாகாணங்கள்தான் அதற்கும் விசாரணை வைத்திருக்கின்றன. வீட்டில் வைத்திருந்தது திருட்டுப் போகலாம். இரண்டாவது கை, மூன்றாவது கை என்று போகப் போக, துப்பாக்கி யாரிடம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

நம்பர் சொன்ன உண்மை

ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஒரு நம்பர் பொறித்திருக்கும். 1968-ம் ஆண்டுச் சட்டப்படி இது கட்டாயம். குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால், போலீசார் அந்த நம்பரை மேற்கு வர்ஜினியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் உள்ள மத்திய அலுவலகத்துக்கு அனுப்புவார்கள்.

யார் யாரிடம் எந்தத் துப்பாக்கி இருக்கிறது என்று மத்திய சர்க்கார் ஒரே பதிவேடு வைத்துக்கொள்ளக்கூடாது என்று சட்டம் தடுக்கிறது. ஆகவே அந்த அலுவலகத்தார் முதலில் கம்பெனியைக் கேட்பார்கள். கம்பெனி, மொத்த வியாபாரியைக் காட்டும். அவர், கடைக்காரரைக் காட்டுவார். இப்படிப் படிப்படியாகத் தேடுவார்கள்.

தேடிப் போனால் சில சமயம் கதவு திறக்கும் இடம் எது தெரியுமா? ஒரு போலீஸ் நிலையம்!

இது எத்தனை தடவை நடந்தது? மூன்று செய்தி ஸ்தாபனங்களின் நிருபர்கள் சேர்ந்து விசாரித்து, 2024-ல் கணக்கை வெளியிட்டார்கள். 2006-ம் ஆண்டு முதல் 2022 வரை, குற்ற வழக்குகளில் கிடைத்த துப்பாக்கிகளில் 52,000-க்கு மேற்பட்டவை ஒரு காலத்தில் போலீசாருடையவை! திருட்டுப் போனவை, காணாமற்போனவையும் இதில் இருக்கலாம். ஆனால் போலீசார் பழைய துப்பாக்கிகளை விற்பதும் மாற்றுவதும் நாடெங்கும் சாதாரண வழக்கமாக இருப்பதை அந்த விசாரணை காட்டியது.

அந்தக் கணக்கில் உள்ள ஒரு துப்பாக்கியை மட்டும் பார்ப்போம். கலிபோர்னியாவில் ஸ்டானிஸ்லாஸ் என்று ஒரு ஜில்லா. அங்குள்ள ஷெரீப் இலாகாவுக்குச் சொந்தமாக இருந்த கிளாக் பிஸ்டல் அது. மாற்றிப் புதுசு வாங்கியபோது அது கைமாறியது. மேற்குக் கடற்கரையிலிருந்து மலைகளையும் சமவெளிகளையும் தாண்டி இந்தியானாபொலிஸ் நகரம் போய்ச் சேர்ந்தது. 2021-ல் அங்கே ஓர் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவத்தில் அது அகப்பட்டது. மகனைப் பறிகொடுத்த தாய்க்கு, அந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. அதைக் கேட்டு அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

மகனைக் காப்பாற்ற வேண்டியவர்கள் யார்? போலீசார். மகனைக் கொன்ற துப்பாக்கி யாருடையது? அதுவும் போலீசாருடையது!

அழிப்பதும் சுலபம் இல்லை

"விற்க வேண்டாம். அழித்துவிடலாம்" என்று முடிவு செய்தால் தீர்ந்ததா? அதிலும் சிக்கல் உண்டு.

சில மாகாணங்களில் அழிக்கவே சட்டம் விடுவதில்லை. அரிசோனா மாகாணத்தில் 2013-ல் ஒரு சட்டம் வந்தது. போலீசார் வசம் வந்து சேரும் துப்பாக்கிகளை விற்க வேண்டுமே தவிர அழிக்கக்கூடாது என்றது. டூசான் என்ற நகரம், "எங்கள் ஊரில் எங்கள் விதி" என்று அழித்துவந்தது. 2017-ல் மாகாண உச்ச கோர்ட்டு, "அது கூடாது" என்று தீர்ப்பளித்துவிட்டது.

துப்பாக்கிகளை இலவசமாக அழித்துத் தருகிறோம் என்று சொல்லும் கம்பெனிகளும் உண்டு. நம்பர் பொறித்த ஒரு பாகத்தை மட்டும் நசுக்கிவிட்டு, குழல், விசை முதலிய மற்றப் பாகங்களைச் சில கம்பெனிகள் விற்றுவிடுவதாக 2023-ல் தெரியவந்தது. வாங்கியவர் ஒரே ஒரு பாகத்தைச் சேர்த்தால் மறுபடி துப்பாக்கி தயார்!

ஒழுங்காகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் ஜில்லா ஷெரீப் இலாகா, பறிமுதல் செய்த துப்பாக்கிகளை ஒரு உருக்காலைக்குக் கொண்டுபோயிருக்கிறது. ரைபிள், ரிவால்வர், பிஸ்டல் எல்லாம் முழுசாகவே உலைக்குள் போயின. உருகிய இரும்பை வார்த்துக் கட்டடக் கம்பியாக எடுத்தார்கள். அந்தக் கம்பிகளைக் கொண்டு பாலங்களும் சாலைகளும் போட்டார்கள்.

பறிமுதல் துப்பாக்கிக்குச் செய்வதைப் போலீஸ் துப்பாக்கிக்கும் செய்யலாம். வேறு வழியும் உண்டு. பழைய துப்பாக்கியை வேறு போலீஸ் இலாகாவுக்கு மட்டும் கொடுக்கலாம். அல்லது, "கழித்துக்கொண்ட துப்பாக்கிகளை விற்கமாட்டோம், அழித்துவிடுவோம்" என்று கம்பெனியிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். இதற்கெல்லாம் கொஞ்சம் பணம் செலவாகும். கம்பெனி அவ்வளவு விலை கழிக்காது.

எது மிச்சம்?

நகரசபையின் வரவு செலவுக் கணக்கில், 'பழைய துப்பாக்கி கொடுத்த வகையில் மிச்சம்' என்று ஒரு வரி வருகிறது. அதைப் பார்த்து எல்லோரும் திருப்தி அடைகிறார்கள்.

ஆனால் அந்தத் துப்பாக்கி ஐந்து வருஷம் கழித்து, வேறு ஊரில் ஒரு குற்றத்தில் அகப்பட்டால் செலவு எவ்வளவு? ஆஸ்பத்திரிச் செலவு, விசாரணைச் செலவு, கோர்ட்டுச் செலவு, சிறைச் செலவு! அதுவும் ஜனங்கள் வரிப்பணம்தான். ஆனால் அது வேறு ஊரின் கணக்கில் ஏறுகிறது. ஆகவே விற்ற ஊருக்கு அது தெரிவதே இல்லை. போன உயிருக்கோ எந்தக் கணக்குப் புத்தகத்திலும் விலை போட முடியாது.

போலீஸ்காரருக்கு நல்ல துப்பாக்கி வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. புதுசு வாங்கும்போது, பழையதை ஒழிப்பதற்கு ஆகும் செலவையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்பதுதான் கேள்வி. துப்பாக்கி, எண்ணெய் போட்டு வைத்தால் நூறு வருஷம் சுடும். வாங்கிய போலீஸ் தலைவர் ஓய்வு பெற்று, விற்ற கடைக்காரரும் காலமான பிறகும் அது யாரோ ஒருவர் கையில் இருக்கும்.

காஸ்மோபோலிஸ் போலீசார் மாற்றியது ஒரே ஒரு பிஸ்டல். அதில் அந்தச் சிற்றூருக்கு மிச்சமானது சில நூறு டாலர் இருக்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு தாய் தம் மகனை இழந்தார்.